பிரேக்குக்கு விலை ஆயிரத்தைந்நூறு

கல்யாண் யார்டில் சரக்கு வண்டியின் பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் எழுதிய பின்னரே வண்டி புறப்படும். பரிசோதகர் ஒப்பமிட்ட அத்தாளில் ஓட்டுநரும் கார்டும் ஒப்பமிடுதல் வேண்டும். கசாராவுக்கு அப்பால் மலைப்பாதை 37 அடிக்கு 1 அடி ஏறுவது. ஆதலின் இக்கண்டிப்பை எவரும் தொல்லையாகக் கருதுவதில்லை. அதே மலையில் மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலை வழியே இறங்கும் லாரிக்கோ, எட்டாண்டு கடந்ததாயின் ஆண்டுக்கொரு முறை, இளையதாயின் ஈராண்டுக்கொரு முறை தகுதிச் சான்று. இடைப்பட்ட காலமெல்லாம் உடையவரின் மனச்சான்றே பரிசோதகர்!

நாமக்கல்லிலிருந்து பிவண்டிக் கிடங்குகளுக்குச் சரக்கு ஏற்றி வரும் ஓட்டுநர் ஒருவர் எமக்குத் தம்பி முறை. ஞாயிறன்று எம் இல்லத்தில் உணவருந்துகையில் கூறினார்: “பிரேக் இளகிப் போச்சுங்க அண்ணா. முதலாளி அடுத்த டிரிப்புக்குப் பார்க்கலாங்கறாரு. அபராதம் போட்டா மட்டும் என் பேட்டாவிலே பிடிச்சுக்கறாரு.”

பிரேக் இளகுதல் சிறு குறையன்று. லைனிங் தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகும். சிலாக் அட்ஜஸ்டரை முடுக்கி அதனைக் குறைத்தல் வேண்டும். சமதரையில் மெல்லச் செல்லுங்கால் குறை தோன்றாது. நெடிய இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும். காற்றுவிசை தள்ளும் தண்டு தன் முழு அளவு நீண்டும் லைனிங் அழுந்தாது. கால் மிதித்தபடியே இருக்க, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2023 ஜூலை 4 அன்று இதே நெடுஞ்சாலையில், துளே மாவட்டத்துப் பளாஸ்நேரில், பிரேக் பிடிக்காத கண்டெய்னர் லாரி ஒன்று உணவு விடுதியில் பாய்ந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 190 ஆம் பிரிவு, ஆபத்தான பழுதோடு வண்டி ஓட்டுவதற்கு 250 ரூபாய் வரை அபராதம் வைத்திருந்தது. 2019 திருத்தம் அதனை 1,500 வரை உயர்த்திற்று. அப்பழுதால் விபத்து நேர்ந்து எவரேனும் காயமுற்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே திருத்தம் மிகுபாரத்துக்கு விதித்ததோ 20,000 ரூபாய். மிகும் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000! பாரத்தை நிறுத்த வேண்டிய பிரேக் இத்துணை மலிவாகப் போனது எவ்வாறு என்பது எமக்கு விளங்கவில்லை.

ஆயினும் அப்பிரிவில் பலர் அறியாத ஒன்றுண்டு. ஓட்டுபவர் மட்டுமல்லர், ஓட்டச் செய்பவரும் ஓட்ட விடுபவரும் குற்றவாளிகளே. பழுதை அறிந்திருந்தாலும், சற்றே கவனித்தால் அறிந்திருக்கக் கூடுமாயினும் போதும். எனவே புறப்படுமுன் குறையை முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுமாறு தம்பிக்குக் கூறினோம். அவர் சிரித்தார். “எழுதிக் கொடுத்தா அடுத்த வாரம் அந்த சீட்டிலே வேற ஆளுங்க, அண்ணா.”

நம் சங்கத்தில் லாரி அலுவலகம் நடத்தும் அன்பர்கள் சிலர் உளர். டிரிப் ஷீட்டில் பிரேக் சரிபார்த்த நாளுக்கென ஒரு வரி சேர்க்க இயலுமா என அடுத்த கூட்டத்தில் அவர்களைக் கேட்க எண்ணியுள்ளோம்.