கல்லூரி ஆட்டமும் காசு ஆட்டமும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டாற் போதும், கொழும்பு மாநகரிலே பெரியவர்கள் சிறுவர்களாகிவிடுகின்றனர். வழக்கறிஞரென்றும் வைத்தியரென்றும் ஆண்டு முழுவதும் கண்டிப்போடு நடமாடும் கனவான்கள், தாம் படித்த கல்லூரியின் கொடியைக் கையிலேந்திப் பப்பரே வாத்தியத்துக்கு ஆடுவதை எஸ்.எஸ்.சி. மைதானத்திலே காணலாம். றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையே 1879இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி அது. முதலாண்டில் ஆசிரியர்களும் சேர்ந்தே ஆடினர். 1880 தொட்டு மாணவர் மாத்திரமே ஆடி வருகின்றனர். அந்நாளில் சென். தோமஸ் கல்லூரி கல்கிசையில் இருக்கவில்லை. நாம் வாழும் ஒருகொடவத்தைக்கு அதிக தூரமில்லாத முகத்துவாரத்திலேதான் இருந்தது. 1918இலேதான் அது கடற்கரைப் பக்கம் குடிபெயர்ந்தது.

அந்தக் கல்லூரி போய்விட்டது. இன்னொரு வகைக் கிரிக்கெட் எமது அயலுக்கு வந்து சேர்ந்தது. கெத்தாராமவிலுள்ள பிரேமதாச மைதானம் 1986இல் திறக்கப்பட்டது. இரவு ஆட்டமென்றால் அதன் விளக்கொளி கொள்கலன் லொறிகளின் புழுதிக்கு மேலாக வானத்திலே வெளுத்து நிற்கும். 2020இல் ஆரம்பமான லங்கா பிரீமியர் லீக்கின் ஆட்டங்கள் பல அங்கே நடந்திருக்கின்றன. வெளிநாட்டு வீரர்கள், இசை, ஆரவாரம், மூன்றரை மணி நேரத்தில் முடிவு. பந்தின் வேகத்தையும் துடுப்பின் வலிமையையும் மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால், பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தை இதனோடு ஒப்பிடுவதே பிழை.

ஆயினும் மனிதர் எதனை நெஞ்சிலே வைத்திருக்கின்றனர்? கல்லூரிப் போட்டியிலே ஒருவன் பிடியொன்றை நழுவவிட்டானாயின், நாற்பது வருடம் கழிந்தும் கலியாண வீட்டிலே, “இவர்தான் அன்றைக்குப் பிடியை விட்டவர்” என்றே அவரை அறிமுகப்படுத்துவர். அவர் பின்னாளில் பெரிய பதவி வகித்தாலும் தப்ப முடியாது. காசுக்கு ஆடும் வீரர் பிடியை விட்டால் மறுநாள் மாலையிலே இன்னொரு ஆட்டம் இருக்கிறது. முதல்நாட் சங்கதி அதோடு மறந்துபோகும். பள்ளிப் பிள்ளைக்கோ ஆண்டுக்கு ஒரு போட்டி. பத்தொன்பது வயதானபின் அதுவுமில்லை. எமது எண்ணத்தில், கல்லூரி ஆட்டத்தின் கவர்ச்சியிற் பாதி இந்த அருமையிலேயே இருக்கிறது.

அமெரிக்கரின் கூடைப்பந்தாட்டத்திலும் இதுவே கதை. அங்கே தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டி ஏழு ஆட்டங்கள் வரை நீளும். நான்கில் வென்றவரே வீரர். ஓரிரு நாள் சோர்ந்தாலும் திறமையுள்ள அணி மீண்டுவிடும். பல்கலைக்கழக அணிகளின் போட்டியோ, எமது கல்லூரிப் போட்டிகளைப் போலவே, மார்ச் மாதத்தில் நடைபெறுகிறது. ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 2018இல், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் முதல்தர அணியை, மேரிலன்டின் போல்டிமோர் பகுதிப் பல்கலைக்கழக அணி 74க்கு 54 என்ற புள்ளிகளால் வீழ்த்தியது. முதலாம் இடத்து அணியொன்று பதினாறாம் இடத்து அணியிடம் தோற்றது ஆடவர் போட்டியில் அதுவே முதற் தடவை. ஏழு ஆட்டங்கள் வைத்திருந்தால் இந்த அதிசயம் நிகழ்ந்திராது. 2021 முதல் அந்நாட்டு மாணவ வீரர்கள் தமது பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறவும் இடமுண்டு. கல்லூரிக்கும் காசுக்கும் இடையிலிருந்த வேலி அங்கே சாய்ந்துவிட்டது.

மற்றப் பாதி உரிமை. தகப்பன் படித்த கல்லூரியை எவரும் விலைக்கு வாங்கிப் பெயர் மாற்ற முடியாது. கொழும்பின் லீக் அணியோ 2020இல் கிங்ஸ், 2021இல் ஸ்டார்ஸ், 2023இல் ஸ்ட்ரைக்கர்ஸ். உரிமையாளர் மாற, பெயரும் மாறிற்று. எந்தப் பெயரைச் சொல்லிக் கொடி தைப்பது? தையற்காரருக்குத்தான் இலாபம்!

இவ்வளவும் சொன்ன பின்பு, எமது வகுப்பிலே மாணவனொருவன் கேட்ட கேள்வியையும் சொல்லியாக வேண்டும். றோயல்–தோமியன் போட்டியைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து எழுந்து, “சேர், எங்களுக்கு எந்த மெச்?” என்றான். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினான். அவனுடைய தகப்பனார் கொள்கலன் முற்றத்திலே சுமை இறக்குபவர். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அவர்களுக்கு எந்தக் கொடி? கல்லூரிப் போட்டியின் பந்தம் இனிமையானது. ஆனால் அதற்கு ஒரு மதிலும் ஒரு வாயிற்காவலனும் உண்டு. நூறாண்டுப் பழைமை இல்லாத பாடசாலையில், விளையாட்டு மைதானமே இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளை, வீதியோரம் நின்று பிறருடைய ஊர்வலத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்குக் காசு ஆட்டம் கதவைத் திறந்துவிடுகிறது. எங்கே படித்தாய் என்று கெத்தாராம வாயிலில் எவரும் கேட்பதில்லை. எமது மாணவர் பலர் யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் கண்டதில்லை. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அவர்களுடையவை. இருந்தும் அவர்கள் ஜப்னா அணியின் பக்கமே நிற்கின்றனர். 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் வெற்றிக் கிண்ணம் அவ்வணிக்கே கிடைத்தது. 2024 ஜூலை 21ஆம் திகதி இரவு, கெத்தாராமவிலேயே, காலி அணியை 9 விக்கெட்டுகளால் வென்றனர். சதமடித்து ஆட்டமிழக்காது நின்றவர் தென்னாபிரிக்கரான ரைலி ரூசோ. தலைவர் சரித் அசலங்க, காலி றிச்மண்ட் கல்லூரியின் பழைய மாணவர். காலிப் பிள்ளை யாழ்ப்பாணத்தின் பெயரால் காலியைத் தோற்கடித்தார்! கல்லூரிப் போட்டியில் இப்படியொன்றைக் கனவிலும் எண்ண முடியாது. எமது மாணவர்க்கோ அதுபற்றிக் கவலையில்லை. மறுநாட் காலை அவர்களுடைய முகமே வேறாயிருந்தது.

இரண்டையும் இணைத்தவர் ஒருவரும் இருக்கிறார். யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 தொடக்கம் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமர், மூன்று நாள் விழா. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருப்பவர்கள் விடுமுறையெடுத்துக்கொண்டு வந்து சேர்வார்கள். அந்த மத்திய கல்லூரியிலே பந்து வீசப் பழகிய விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில், பத்தொன்பது வயதும் நிரம்பாத நிலையில், ஜப்னா அணிக்காக ஆடினார். அவர் முதலில் வீழ்த்திய விக்கெட் அஞ்சலோ மத்தியூஸினுடையது. 2024இல் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்கும் பந்து வீசினார். கல்லூரி மைதானம் இல்லாவிடில் அவர் உருவாகியிரார். காசு ஆட்டம் இல்லாவிடில் அவரை யாழ்ப்பாணத்துக்கு வெளியே எத்தனைபேர் கண்டிருப்பர்?

ஒரு குறை மாத்திரம் எமது மாணவரை உறுத்துகிறது. அந்த ஐந்து தொடர்களிலும் அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என்றெல்லாம் ஆடிய ஜப்னா அணி, யாழ்ப்பாண மண்ணிலே ஒரு லீக் ஆட்டமேனும் ஆடியதில்லை. அதற்கேற்ற மைதானம் அங்கே இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் மண்டைதீவிலே சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்திரிகையில் அந்தப் படத்தைக் கண்ட பின்வாங்கு மாணவன், அது கட்டி முடிந்ததும் வகுப்பு முழுவதையும் கூட்டிப்போக வேண்டும் என்று எம்மிடம் உறுதி கேட்டிருக்கிறான். கோட்டைப் புகையிரத நிலையத்தில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் எவ்வளவென்று விசாரித்து வைத்திருக்கிறோம்.