முகப்பில் இல்லாத பெயர்கள்

ஆளுயரக் கடிகாரம் ஒன்றின் பெட்டி சுவரோரமாகக் காலியாக நின்றது. அதன் இயந்திரம் மேசைமேல் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. முகப்பு மட்டும் தனியே ஒரு துணியில்: வெள்ளைப் பூச்சு, மூலைகளில் ரோஜாக்கள், நடுவில் ஒருவர் பெயரும் ஊரும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இருக்கும் சிறிய பட்டறை இது. பழங்கடிகாரம் சேர்ப்பவர்கள் பழுது பார்க்க இங்கே கொண்டுவருகிறார்கள். அறுபதைக் கடந்த பட்டறைக்காரரும், அவரிடம் தொழில் பழகும் ஓர் இளம்பெண்ணும்தான் வேலை பார்க்கிறார்கள்.

“வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இந்தப் பெயரைத்தான் படிப்பார்கள். இவர் விற்றவர். செய்தவர்கள் வேறு” என்றார் பட்டறைக்காரர்.

ஆங்கிலக் கடிகாரங்களின் வரலாறு பெரிய பெயர்களால் எழுதப்பட்டது. தாமஸ் டாம்பியனை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் தாங்கிய கடிகாரத்துக்குச் சேகரிப்பாளர்கள் சொத்தையே விற்றுக் கொடுப்பார்கள். அவரிடமும் பல கைகள் வேலை செய்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வேலைப் பிரிப்பு இன்னும் பரவியது. 1772இல் பர்மிங்காமில் ஆஸ்போர்ன், வில்சன் என்ற இருவர் வர்ணம் பூசிய முகப்புகளை விற்பதாக விளம்பரம் செய்தார்கள். பித்தளை வார்த்தது ஒருவர், பல்சக்கரம் வெட்டியது இன்னொருவர், பெட்டி செய்தது உள்ளூர்த் தச்சர். இவற்றை வாங்கிக் கூட்டி ஓடவைத்த ஊர்க் கடிகாரக்காரர் தன் பெயரை முகப்பில் எழுதவைத்தார். நம் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் கடையின் பெயரோடு மெட்ராஸில் விற்ற ஆங்கிலக் கடிகாரங்களும் இந்த வழக்கத்தில் வந்தவைதான்.

அடுத்த மேசையில் ஒரு சுவர்க்கடிகாரம். பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் தொங்கிய வகை. அதற்குள் இருக்கும் ஃபியூசியைப் பார்க்கத்தான் நான் முக்கியமாகப் போயிருந்தேன். சுருள்வில்லுக்கு ஒரு குணம் உண்டு: சாவி கொடுத்ததும் பலமாக இழுக்கும், நாளாக நாளாகத் தளரும். அப்படியே விட்டால் கடிகாரம் ஒருநாள் முந்தும், ஒருநாள் பிந்தும். அதனால் வில்லுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே வரிப்பள்ளம் வெட்டிய ஒரு கூம்பு, அதுதான் ஃபியூசி. வில் பலமாக இருக்கும்போது, கூம்பில் சுற்றிய சங்கிலி அதன் குறுகிய முனையை இழுக்கிறது. தளரத் தளர அகன்ற பக்கத்துக்கு வருகிறது. பலம் குறையும் அளவுக்கு நெம்பும் தூரம் கூடுகிறது. எட்டு நாளும் ஒரே சீரான இழுவை. இதைவிட அழகான கணக்கை நான் உலோகத்தில் பார்த்ததில்லை.

அந்தச் சங்கிலியை உள்ளங்கையில் வைத்தார் அந்தப் பெண். மிதிவண்டிச் சங்கிலியைச் சுருக்கியதுபோல் இருந்தது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே தறையப்பட்டிருந்தது. சட்டைப்பைக் கடிகாரங்களுக்குப் போன சங்கிலியோ இதைவிடப் பல மடங்கு நுண்ணியது. டார்செட்டின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் அவற்றைச் செய்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். ஏழைகள் விடுதிப் பிள்ளைகளும் அதில் உண்டு. கண்பார்வையைத் தின்ற வேலை. எந்த முகப்பிலும் அவர்கள் பெயர் கிடையாது.

தேய்மானத்தைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னது எனக்குப் புதிது. பித்தளைப் பல்லும் எஃகுப் பல்லும் உரசினால் பித்தளைதான் தேயும் என்று தோன்றும். தேய்வது பெரும்பாலும் எஃகு. தூசியும் துகளும் மென்மையான பித்தளையில் பதிந்துகொண்டு, அரம்போல எஃகை அராவுகின்றன. அச்சு சுழலும் துளைகளும் நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். அவற்றைத் தேவையான அளவுக்கு மட்டும் குடைந்து, புஷ் என்னும் சிறு பித்தளை வளையம் போடுகிறார்கள். பழைய பித்தளையில் ஒரு மயிரிழைகூட வீணாகக் கூடாது என்பது அவருக்கு வேதம். பளபளவென்று புதிதாக்கித் தரச்சொல்லும் சேகரிப்பாளரிடம் இவர் முடியாது என்றே சொல்கிறார். இவர் செய்வது சரி என்பேன். மெருகேற்றும் சக்கரத்தில் கொடுத்தால் போவது அழுக்கு மட்டுமல்ல, செய்தவரின் அரம் ஓடிய தடமும்தான்.

சேகரிப்பாளர்கள் அஞ்சும் இன்னொன்று ‘கல்யாணம்’: ஒரு கடிகாரத்தின் இயந்திரத்தை வேறொன்றின் பெட்டிக்குள் வைத்திருப்பது. அதைக் கண்டுபிடிக்க, இயந்திரம் உட்காரும் பலகையைப் பார்க்கச் சொன்னார். தேவையில்லாத துளைகள், பிற்பாடு வைத்த மரத்துண்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு இயந்திரத் தகட்டின் உட்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பிடித்தார். ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள், பெயர்களும் ஆண்டுகளும். பழுது பார்த்தவர்கள் தங்களுக்குள் விட்டுச்சென்ற குறிப்புகள் அவை. சில பெயர்கள் மறுபடி மறுபடி வந்தன. கடிகாரம் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நீங்களும் கீறுவீர்களா என்று கேட்டேன். இப்போது வழக்கம் இல்லையாம். பழம்பொருளில் புதிதாக எதுவும் பதிக்கக் கூடாது என்பதே இன்றைய முறை. பார்த்த வேலையைப் படங்களோடு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிடுகிறார்கள். முறை சரிதான், ஆனால் ஏலத்துக்குப் போகும்போது கடிகாரம் ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமும் போய்விடுமே என்றேன். “அதனால்தான் இன்னொரு படியைப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறோம்” என்று அந்தப் பெண் ஓர் உறையைக் காட்டினார். எந்தத் துளைக்குப் புஷ் போட்டது, எந்தத் திருகு புதியது, எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே இருவர் பெயர். துளைகளைச் சரிசெய்தது அந்தப் பெண் என்பதால் அவர் பெயரை முதலில் எழுதியிருந்தார் பட்டறைக்காரர்.