சகனில் என் பக்கம்

எங்கள் ஊரில் ஒருவர் விருந்துக்கு வந்து இறைச்சியைத் தொடாமல் எழும்பினால், ஒன்றில் அவருக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும். அல்லது வீட்டுக்காரரோடு ஏதும் மனத்தாங்கல் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பதை ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மூன்றாவது காரணத்தோடுதான் நான் 2012ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வாழ்ந்து வருகிறேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பாலும் தயிரும் இல்லை. சாப்பாட்டில் பாதிக்கு மேல் அடுப்பைக் காணாத பச்சை உணவு. கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில், கீரி மீனும் பாரையும் வாசலுக்கே வந்து கூவி விற்கப்படும் அம்பாறைக் கரையோர ஊரொன்றில் இப்படி இருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இதில் ஞானம் எதுவும் இல்லை. இரத்தத்தில் கொழுப்புக் கூடியிருக்கிறது, மூன்று மாதத்துக்கு இதையெல்லாம் நிறுத்திப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். மூன்று மாதம் முடிந்தபோது, திரும்பிப் போக வேண்டும் என்று நாக்கு கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. ஆட்டின் கண்களைப் பார்த்து மனம் உருகியிருப்பேன் என்று எதிர்பார்த்து வரும் இளம் கவிஞர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். பக்கத்து வீட்டு மச்சான் மட்டும் முதல் கிழமையிலேயே நேரடியாகக் கேட்டார்.

"என்ன சேர், ஆட்டுக்குப் போட வேண்டியத நீங்க தின்றீங்க?"

"ஆட்ட நீங்க தின்னுட்டீங்க. இலைய நான்தானே தின்னணும்?"

'வீகன்' என்ற சொல்லை 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சனும் அவரது தோழர்களும் உண்டாக்கினார்கள். சொல் அங்கிருந்து வந்தது. சாப்பாடு அங்கிருந்து வரவில்லை. உம்மாவின் அடுப்படியை நினைத்துப் பார்க்கிறேன். பூசணிக்காய்ப் பாலாணம், முருங்கை இலைச் சுண்டல், பருப்பு, பலாக்கொட்டைப் பிரட்டல், புளியாணம். ஆட்டுப் பாலோ மாட்டுப் பாலோ எதிலும் இல்லை. எல்லாம் தேங்காய்ப் பால். குறுக்கே நின்றது மாசி ஒன்றுதான். கீரையிலும் சம்பலிலும் இரண்டு விரலால் எடுத்துத் தூவும் அந்த மாசித் தூளை மட்டும் விலக்கிவிட்டால், எங்கள் மரக்கறிச் சாப்பாட்டில் பெரும்பங்கு வொட்சன் பிறக்க முன்பே வீகன்தான். மாசிக்குப் பதிலாக எதைப் போட்டாலும் அது மாசியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் தேசிக்காயைச் சற்றுக் கூடப் பிழிந்து, பச்சை மிளகாயைக் கல்லில் தட்டிப் போடுகிறேன். நாக்கு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

பச்சை உணவில் என் முதல் காதல் வல்லாரை. கொத்தாகப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, மயிர் மயிராக அரிய வேண்டும். தடிப்பாக அரிந்தால் கசப்பு முன்னால் வந்து நிற்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அப்போது துருவிய தேங்காய்ப்பூ. உப்பும் புளியும் கடைசியில்தான்; சோறு போட்டு, கை கழுவி உட்கார்ந்த பிறகு. முன்கூட்டிப் பிசைந்து வைத்தால் இலை தண்ணீர் விட்டுச் சோர்ந்துவிடும். பயறு முளைக்க வைப்பதற்கு எங்கள் ஊர் வெக்கையைப் போல உகந்தது வேறில்லை. இரவு ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் வால் முளைத்திருக்கும். மாங்காய்ச் சீவலும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அதைத் தின்னும்போது பல்லுக்கும் வேலை, மனதுக்கும் வேலை.

வெயில் காலத்தில் எங்கள் பக்கம் வெள்ளரிப்பழம் வரும். பழுத்து வெடித்து, மாவு மாவாக, தனக்கென்று பெரிய இனிப்பில்லாத பழம். சர்க்கரை தூவிப் பிசைந்தால் அதுபோல் வயிற்றைக் குளிர்விப்பது வேறில்லை. விளாம்பழத்தை உடைத்துத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் விட்டுக் கலக்கிக் குடிப்பது இன்னொரு சுகம். இவற்றையெல்லாம் நான் சிறுவயதிலிருந்து சாப்பிட்டுத்தான் வந்தேன். ஆனால் சோற்றுக்கும் இறைச்சிக்கும் இடையில் கிடைக்கும் தீனியாக. அவற்றையே சாப்பாடாக மதித்து, தட்டில் போட்டு, முன்னால் உட்கார்ந்து, அவசரப்படாமல் தின்றதில்லை. ருசி அப்போதுதான் தெரிகிறது.

விட்டவற்றில் கடினமானது எது என்று கேட்டால் இறைச்சி என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இல்லை. எருமைத் தயிர். மட்டக்களப்புப் பக்கத்து முட்டித் தயிரைத் தின்று வளர்ந்தவனுக்கு அதன் இடத்தில் வைக்க உலகத்தில் ஒன்றுமில்லை. பெருநாள் காலை வட்டிலாப்பமும் அப்படித்தான். முட்டை இல்லாமல் என் மகள் பூசணிக்காயை மசித்து, சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் ஏலமும் போட்டு ஒன்றைச் செய்தாள். மிக நல்ல பண்டம். அதை வட்டிலாப்பம் என்று அழைக்க மட்டும் நான் விடவில்லை.

பச்சை உணவுக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பச்சை என்றால் எல்லாமே நல்லது என்று பேசுவார்கள். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. வயல் வாய்க்காலில் பறித்த வல்லாரையில் நெல்லுக்கு அடித்த மருந்தும் சேர்ந்திருக்கும். அதனால் நான் கிணற்றடியில் நானே வளர்க்கிறேன். பி12 என்ற உயிர்ச்சத்து இலை காய்களிலிருந்து போதிய அளவு கிடைக்காது. அது குறைந்தால் இரத்தச் சோகையும் கைகால் விறைப்பும் வரும். ஆகவே நானும் மாத்திரை போடுகிறேன். இயற்கை உணவு உண்பவன் மாத்திரை போடுவதா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்டவர்கள் பலர். ஹலாலை எவரும் தன்மீது ஹராமாக்கிக் கொள்ளக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நான் எதையும் ஹராமாக்கவில்லை. குர்பானில் ஒவ்வொரு வருடமும் என் பங்கு இருக்கிறது. இறைச்சி முழுவதும் வெளியே போகிறது. குர்பான் இறைச்சியைத் தானும் உண்பது விரும்பத்தக்கது, கடமையல்ல என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நபி (ஸல்) அவர்கள் வெள்ளரிக்காயைப் பேரீத்தம் பழத்தோடு சேர்த்து உண்டதாக ஹதீஸ் இருக்கிறது. வெயில் நாளில் இந்தச் சேர்க்கையைச் சாப்பிட்டுப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். அதே ஹதீஸ் நூல்களில்தான் பச்சை வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் தின்றவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்றும் இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் என் வல்லாரைச் சம்பலில் வெங்காயம் கிடையாது. அன்றைக்கு அதன் ருசி முக்கால்வாசிதான்.

நம்முடைய இலக்கிய மரபிலேயே எனக்கு ஒரு மூத்தவர் இருக்கிறார் என்பது பிறகுதான் தெரியவந்தது. சிரியாவின் மஅர்ரத்துன் நுஃமானில் 973இல் பிறந்து 1057இல் மறைந்த அபுல் அலா அல் மஅர்ரி. சிறுவயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். வாழ்வின் பிற்பகுதி முழுவதும் இறைச்சி, பால், முட்டை, தேன் எதையும் தொடாமல் இருந்தார். எகிப்தின் பாத்திமிய ஆட்சியில் பிரசாரத் தலைவராயிருந்த அல் முஅய்யத் ஷீராஸி, ஏன் இப்படி என்று கடிதம் எழுதிக் கேட்டார். பிராணிகளின் வேதனையைப் பற்றியும், தன் கைவசமுள்ள சொற்ப வருமானத்தைப் பற்றியும் மஅர்ரி பதில் எழுதினார். நல்ல சாப்பாட்டுக்கு வழிசெய்து தருகிறேன் என்று சொன்னபோதும் ஏற்கவில்லை. அந்தக் கடிதங்களை மார்கோலியத் என்ற கீழைத்தேய அறிஞர் 1902இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 2013இல் யுத்தத்தின் நடுவே ஆயுததாரிகள் மஅர்ரியின் சிலையின் தலையை வெட்டினார்கள். அது அவருடைய சாப்பாட்டுக்காக அல்ல. தேன் விஷயத்தில் மட்டும் நான் மஅர்ரியின் கட்சியில் இல்லை. தேனீயின் பெயரில் ஒரு சூராவே இருக்கும்போது என்னால் அதை விடமுடியவில்லை. கடுமையான வீகன்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

பக்கத்திலேயே இன்னொருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம் வைத்திருந்து, 1971இல் பிலடெல்பியா சென்று, 1986இல் மறைந்த பாவா முஹைய்யத்தீன். தமிழிலேயே போதித்தவர், வந்தவர்களுக்குத் தன் கையால் மரக்கறி சமைத்துப் போட்டவர். அவரைப் பற்றி நம்மவர்களிடையே பல அபிப்பிராயங்கள் உண்டு. அவருடைய கறிச்சட்டியைப் பற்றி மாற்றுக் கருத்து இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகு, என்னை உண்மையில் சங்கடப்படுத்தியது எது என்பதையும் சொல்ல வேண்டும். நான் இறைச்சியை விட்ட சில மாதங்களில்தான் ஹலால் இலச்சினைக்கு எதிரான கூச்சல் எழுந்தது. 2013 மார்ச்சில் உள்ளூர்ப் பொருட்களிலிருந்து அந்த இலச்சினையை விலக்கிக்கொள்ளும் நிலை வந்தது. 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. இப்படியான காலத்தில் ஒரு முஸ்லிம் "நான் இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று சொன்னால் அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சாக நிற்பதில்லை, சாட்சியமாகிவிடுகிறது. ஒரு பயிற்சிப் பட்டறையில் பகல் சாப்பாட்டின்போது என் தட்டைப் பார்த்த ஒருவர், "நீங்கள் நல்ல முஸ்லிம்" என்று சிங்களத்தில் மனமாரப் பாராட்டினார். கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அந்தப் பாராட்டு என் தொண்டையில் முள்ளாக நின்றது. என் சாச்சா முப்பது வருடம் இறைச்சிக்கடை நடத்தியவர், அந்தக் கடை வருமானத்தில்தான் அவருடைய பிள்ளைகள் படித்து ஆளானார்கள், அவர் என்னைவிட நல்ல முஸ்லிம் என்று பதில் சொன்னேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது. பருப்பை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

சாச்சாவோ என்னைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "என்ட கடைக்கு ஒரு ஆள் கொறஞ்சி." பெருநாளைக்கு எல்லா வீட்டுக்கும் இறைச்சிப் பங்கு அனுப்பும் அவர், எங்கள் வீட்டுப் பையில் மட்டும் தன் வளவில் வெட்டிய முருங்கைக்காய்க் கட்டு ஒன்றையும் சேர்த்தே அனுப்புகிறார். இதற்கு நான் என்ன எழுத?

2022இல் காஸ் வரிசைகள் தெருமுனை வரை நீண்டபோது, முன்பு சிரித்த வீடுகளிலிருந்தே பயறு முளைக்க வைப்பது எப்படி என்று கேட்டு வந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தேன்; ஊறவைத்த பயற்றையும் பகிர்ந்தேன். ஆனால் அந்த நாட்களில் பச்சை உணவின் பெருமையைப் பேச என் வாய் வரவில்லை. அடுப்பை வேண்டாமென்று விடுவது ஒன்று. அடுப்பு எரியாமல் போவது வேறு.

வெளியில் சாப்பிடுவது இப்போது பழகிவிட்டது. கொழும்புக்குப் போனால் வெள்ளவத்தைச் சைவக் கடைகள் இருக்கின்றன. அங்கே தோசையில் நெய் வேண்டாம், தயிர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; சைவம் வேறு, வீகன் வேறு. விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் ஹெல பொஜுன் கடைகளும், அதே வழியில் வடக்கில் வந்த அம்மாச்சி உணவகங்களும் எனக்கு மிகவும் பிடித்தவை. இலைக்கஞ்சி, குரக்கன் பிட்டு, கௌப்பி எல்லாம் கண்முன்னே செய்து தருவார்கள். சிங்களச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "உம்பலகட தாலத?" மாசி போட்டிருக்கிறதா என்று அர்த்தம். இந்தக் கேள்வியை நான் நாட்டின் பல திசைகளிலும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் "ஓம்" என்றுதான் பதில் வரும். ஆனால் பொலொஸ் கறியைக் காட்டி, இதில் இல்லை, இதைத் தின்னுங்கள் என்று அவர்களே பரிந்து போடுவார்கள். நம்முடைய ஹோட்டல்களில்தான் கஷ்டம். முட்டை போடாத மரக்கறிக் கொத்து கேட்டால் கொத்துப் போடுபவர் கைத்தகட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். ஒன்றும் கிடைக்காத பஸ் பயணத்துக்குக் கச்சானும் அவித்த சோளமும் செவ்விளநீரும் இருக்கவே இருக்கின்றன. பால் டீக்குப் பதில் பிளேன்டீ கேட்பதுதான் சொந்தக்காரர் வீடுகளில் பெரிய வழக்கு. பால்மா வாங்க வசதியில்லை என்று நினைத்துவிட்டேனோ என்று மாமிமார் முகம் வாடும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சோதனை சகன்தான். ஐந்தாறு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கைபோடும் இடத்தில் ஒருவன் மட்டும் வேறு சாப்பாட்டுக்காரன் என்றால் என்ன செய்வது? ஆரம்பத்தில் கலியாண வீடுகளில் எனக்கென்று தனிக் கோப்பையில் சோறு போட்டு, ஓரமாக ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார்கள். அந்த மேசையில் நோயாளிகளும் நானும் இருப்போம். சகனில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருப்பேன். இரண்டு கலியாணங்களுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

வழி அந்தச் சகனுக்குள்ளேயே இருந்தது. உனக்கு முன்னால் இருப்பதிலிருந்து உண் என்பது சின்ன வயதில் ஓதப்பள்ளியில் நாம் எல்லோரும் கற்ற ஒழுங்கு. சகனில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, இறைச்சி நடுவில். என் மச்சினியின் மகளுடைய கலியாணத்தில் நான் அடுப்படிக்கே போய்ச் சொன்னேன்: நெய் ஊற்ற முன்பு ஒரு பிடி வெள்ளைச் சோறு எடுத்து வையுங்கள், சகனின் ஒரு பக்கத்தில் அதைப் போட்டு, கத்தரிக்காயும் பருப்பும் வல்லாரைச் சம்பலும் வையுங்கள், மாசி போடாமல் ஒரு கிண்ணம் புளியாணம். சமைத்துக்கொண்டிருந்த ராத்தா ஒருவர், "இவ்வளவுதானா சேர்? இதுக்கா இத்தன நாளா அங்கால குந்தினீங்க?" என்றார்.

அதன் பிறகு எனக்கு ஊரில் புது மவுசு. என் சகனில் இருப்பவர்களுக்கு என் பங்கு இறைச்சி மேலதிகம் என்பதை இளவட்டங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பந்தலுக்குள் கால் வைத்ததுமே, "சேர்ர சகன்ல எடம் இரிக்கா?" என்று பின்னால் வருகிறார்கள். போன மாதம் ஒரு வலீமாவில் என்னிடம் படித்த ஐந்து பொடியன்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். இறைச்சியைப் பங்கிட்டு முடித்ததும் அவர்களில் ஒருவன் என் பக்கத்து வல்லாரைச் சம்பலில் ஒரு நுள்ளு எடுத்துப் பார்த்தான். மற்றவனும் எடுத்தான். முன்னால் இருப்பதிலிருந்து உண்ணும் ஒழுங்கை நான் ஞாபகப்படுத்துவதற்குள் சம்பல் முடிந்துவிட்டது. அன்று எனக்கு மிஞ்சியது வெறுஞ்சோறும் புளியாணமும்தான்.