மஞ்சள் ஏடு

ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குச் செல்வோன் வழியைக் கேட்டறிந்தால் போதும். ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்குச் செல்வோனோ வழியோடு வாயிலையும் கேட்டறிதல் வேண்டும். நாட்டின் வாயிலில் காவல் வைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறியனவும் இறங்கியனவுமாகிய பண்டங்களுக்குச் சோழர்தம் சுங்க அலுவலர் புலிப்பொறி இட்டு விடுத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அன்று பண்டங்கள் பொறி பெற்றன. இன்று மாந்தரும் பொறி பெற்றே நாடு கடக்கின்றனர். அப்பொறிகள் எவை, அவை எதன்பொருட்டு இடப்படுகின்றன என்பவற்றை மேற்குத் தாம்பரத்துத் தாய் ஒருத்தியின் பயணம் நமக்கு நன்கு விளக்கும்.

அவ்வம்மையாருக்கு வயது அறுபத்தொன்று. அவர்தம் கணவர் அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர்களுடைய ஒரே மகள் தன் கணவனுடன் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் தலைநகராகிய கின்சாசாவில் வாழ்ந்தாள். பெல்சியத்தின் ஆட்சியினின்று 1960-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் விடுதலை பெற்ற நாடு அது. ஆப்பிரிக்காவின் நடுவே, காங்கோ என்னும் பேராற்றின் கரையில் அந்நகரம் அமைந்துள்ளது. ஆற்றின் எதிர்க்கரையில் தெரியும் பிரசவில் என்னும் நகரமோ வேறொரு நாட்டின் தலைநகரம். ஒரு கரையில் நிற்போர் மறுகரையைக் கண்ணாற் காணலாம். ஆயினும் இசைவின்றி அங்குக் கால் வைத்தல் இயலாது.

மகள் கருவுற்றிருந்தாள். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வருதல் நம்மவர் வழக்கம். ஆனால், நெடுந்தூர வான்பயணம் கூடாதென மருத்துவர் தடுத்துவிட்டனர். ஆகவே, மகள் வரவேண்டிய வழியில் தாய் செல்லவேண்டியதாயிற்று. மருமகன் பயணச்சீட்டை வாங்கி அனுப்பிவிட்டான். "சீட்டு வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்றார் கணவர். உண்மையில் கவலை அன்றுதான் தொடங்கியது.

முதலாவது வேண்டப்படுவது கடவுச்சீட்டு. பாஸ்போர்ட் என்று மக்கள் வழங்குவது அதனையே. வெளிநாடு செல்லும் உரிமை ஒருவருடைய தன்னுரிமையின் பாற்பட்டது என்று நம் உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டமும் இயற்றப்பெற்றது. அம்மையார் தாம்பரத்திலுள்ள கடவுச்சீட்டுச் சேவை மையத்திற்குச் சென்று விரல்ரேகையும் ஒளிப்படமும் தந்தார். காவலர் ஒருவர் இல்லம் வந்து விசாரித்துச் சென்றார். சின்னாளில் கடவுச்சீட்டு கைக்கு வந்தது.

இரண்டாவது வேண்டப்படுவது நுழைவிசைவு. விசா என்பது இதன் வழக்குப் பெயர். "இவர் எம் நாட்டவர்" என்று கூறுவது கடவுச்சீட்டு. "இவர் எம் நாட்டிற்குள் வரலாம்" என்று கூறுவது நுழைவிசைவு. முன்னதைத் தருவது தாய்நாடு. பின்னதைத் தருவது செல்லும் நாடு. மருமகன் அங்கிருந்து அழைப்பு மடலை அனுப்பினான். தாள்கள் தில்லியிலுள்ள தூதரகத்திற்குச் சென்றன. இசைவு முத்திரையுடன் கடவுச்சீட்டு திரும்பி வந்தது.

எஞ்சியது ஊசி ஒன்றே. "ஊசிதானே! புறப்படும் முன்னாள் போட்டுக்கொண்டால் ஆயிற்று" என்று கணவர் அதனைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். பயணத்திற்குப் பதின்மூன்று நாள் இருக்கையில் இருவரும் தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறினர். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்தன. திரிசூலத்தில் வண்டி நின்றபோது, எதிரே மீனம்பாக்கம் விமான நிலையத்தினின்று வானூர்தி ஒன்று எழுந்து சென்றது. அம்மையார் அது மறையுமளவும் அதனையே நோக்கியிருந்தார். கிண்டியில் இறங்கி, 1899-இல் தொடங்கப்பெற்ற கிங் நோய்த்தடுப்பு நிலையத்தை அடைந்தனர். மஞ்சட் காய்ச்சலுக்கு உரிய தடுப்பூசி அங்குப் போடப்படுகின்றது.

மஞ்சட் காய்ச்சல் என்பது யாது? ஈரலைத் தாக்கி உடலை மஞ்சள் நிறமாக்கும் கொடுநோய் அது. அதனைத் தீர்க்கும் தனி மருந்து இன்றும் இல்லை. வருமுன் காத்தலே வழி. கொசுவே இந்நோயைப் பரப்புகின்றது என்று கியூபா நாட்டு மருத்துவர் கார்லோசு பின்லே 1881-இல் கூறியபோது பலர் அதனை ஏற்றிலர். 1900-இல் வால்டர் ரீடு தலைமையிலான குழுவினர் அக்கூற்றை ஆய்ந்து மெய்ப்பித்தனர். பின்னர் மாக்சு தைலர் என்னும் அறிஞர் நோயின் நச்சுயிரை வலுவிழக்கச் செய்து 1937-இல் தடுப்பூசி கண்டார். அதன்பொருட்டு 1951-இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வூசியே இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது.

மருத்துவர் அம்மையாரின் வயதைக் கேட்டதும் சற்றுத் தயங்கினார். "அம்மா, இஃது உயிருள்ள நச்சுயிரை வலுக்குறைத்துச் செய்யும் மருந்து. அறுபதைக் கடந்தவர்களுக்கு மிக அரிதாகக் கடுந்தீங்கு நேர்வதுண்டு. முட்டை உங்கள் உடம்புக்கு ஒவ்வாததா? வேறு நோய்க்கு மருந்து உண்கிறீர்களா? உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் குறிப்புகளைக் கொண்டு வாருங்கள், ஆராய்ந்து முடிவு செய்வோம்" என்றார். குறிப்புகளைத் தேடித் திரட்டி மீண்டும் சென்றபோது ஐந்து நாள் கழிந்திருந்தது. தீங்கு வரக்கூடும் என்பதை அறிந்தும், மகளை எண்ணி அம்மையார் கையை நீட்டினார். ஊசி போடப்பட்டது. மஞ்சள் நிறச் சிற்றேடு ஒன்றில் நாளும் கையொப்பமும் முத்திரையும் இடப்பட்டன.

"இன்றைக்குப் பத்து நாள் கழித்தே இச்சான்று செல்லும்" என்றார் மருத்துவர்.

கணவர் திடுக்கிட்டார். பயணத்திற்கு எட்டு நாளே இருந்தது.

வீடு திரும்பியதும் செய்தி தெருவில் பரவியது. அண்டை வீட்டார் ஒருவர் வந்தார். "ஐயா, இதற்கா கலங்குகிறீர்கள்? நாளை முன்தள்ளி எழுதி முத்திரையும் இட்டுத் தருவோர் இருக்கின்றனர். கொஞ்சம் பணம் செலவாகும், அவ்வளவே. இரண்டு நாளில் என்ன குடி முழுகிப் போகும்?" என்றார். கணவரின் உள்ளம் ஊசலாடியது. மகளின் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதற் பிள்ளைப் பேற்றில் அவள் அயலூரில் தனித்துக் கிடப்பாளே என்னும் துயரம் ஒருபுறம். பொய்ச்சான்று என்னும் அச்சம் ஒருபுறம். அவர் மனைவியின் முகத்தை நோக்கினார்.

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கேட்டீர்களா, அதிகாரியின் கண்ணை ஏமாற்றலாம், என் உடம்பை ஏமாற்ற இயலுமா? பத்து நாள் என்பது ஏட்டுக்கு வைத்த கணக்கன்று. உடம்பு காப்பைப் பெறுவதற்கு வைத்த கணக்கு. அங்கே நான் நோய்ப்பட்டால் பிள்ளை பெற்றவள் என்னைப் பார்ப்பாளா, தன் பிள்ளையைப் பார்ப்பாளா? உதவப் போகிறவள் சுமையாகப் போகக் கூடாது. சீட்டை மாற்றச் சொல்லுங்கள்" என்றார். சொல்லி முடித்ததும் உள்ளே சென்று, மகளுக்கென இடித்து வைத்திருந்த பிள்ளைப்பேற்று மருந்துப் பொடியை மறுபடியும் சலிக்கத் தொடங்கினார். அவர் கண்ணீரைக் கணவர் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

பயணம் மூன்று நாள் தள்ளிப்போயிற்று. அம்மூன்றனுள் இரண்டாம் நாள் விடியலில் தொலைபேசி ஒலித்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அம்மையார் மகிழ்ந்தார், ஆனால், மகள் வலியுற்ற பொழுதில் கைபிடிக்க இயலாமற் போன வருத்தம் அவர் உள்ளத்தில் நின்றுவிட்டது. அவ்வருத்தத்தை எவரும் மாற்ற இயலாது. காலத்தே தொடங்கியிருந்தால் அது நேர்ந்திராது என்பதனைக் கணவரும் உணர்ந்தார்.

கின்சாசாவில் இறங்கியபோது நலத்துறை அலுவலர் முதலிற் கேட்டது மஞ்சள் ஏட்டையே. அம்மையார் அதனை நடுங்காத கையால் நீட்டினார். அன்று மாலை பேர்த்தி அவர் மடியிற் கிடந்தாள்.

மூன்று திங்கள் கழித்து மீனம்பாக்கம் வந்திறங்கியபோதும் அவ்வேடு கேட்கப்பட்டது. மஞ்சட் காய்ச்சல் நாடுகளினின்று ஆறு நாளுக்குள் வருவோர் உரிய சான்று காட்டாவிடின், அவர்களை ஆறு நாள்வரை தனியே வைத்துக் காப்பது நம் நாட்டின் விதி. நோய் உடலிற் புகுந்தபின் வெளிப்படக் கொள்ளும் காலத்தைக் கருதியே அவ்வெண் அமைந்தது. இந்நோய் நம் நாட்டில் வேரூன்றியதில்லை. ஆனால், அதனைச் சுமக்கவல்ல ஏடிசு கொசு நம் தொட்டிகளிலும் பழைய உருளைப் பட்டைகளிலும் தேங்கிய நீரில் நாளும் பெருகுகின்றது. டெங்குக் காய்ச்சலைத் தருவதும் அக்கொசுவே. நோயுற்ற ஒருவர் வந்துசேரின், தாம்பரத்துத் தெருக்களில் விளையாடும் சிறாருக்குக் காவல் ஏது? ஆகவே, சென்ற நாட்டில் அம்மையாரைக் காத்த ஏடு, வந்த நாட்டில் ஊராரைக் காத்தது. ஒருமுறை போட்ட ஊசிக்கு வாழ்நாள் முழுதும் சான்று செல்லும் என்பது 2016-ஆம் ஆண்டு முதல் உலக நலவிதிகளில் உள்ளது.

விதிகள் யாவும் நம்மைத் தடுப்பதற்கே எழுந்தன என்று எண்ணுதல் பிழை. அவற்றின் காரணத்தை அறியாதார்க்கு அவை தடை. அறிந்தார்க்கு அவை வேலி. வேலி வழிச்செல்வோனுக்கு இடையூறாகத் தோன்றலாம். பயிர்க்கோ அதுவே காப்பு. எனினும், நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடும். காலந்தோறும் மாறவும் செய்யும். பல தூதரகங்கள் ஊசிச் சான்றை விண்ணப்பத்தோடேயே கேட்பதுண்டு. ஆதலால், பிறர் சொல்லை நம்பியிராது உரியவரை முன்னரே கேட்டறிதல் அறிவுடைமையாகும்.

அம்மையாரின் மஞ்சள் ஏடு இன்றும் பேர்த்தியின் ஒளிப்படத்துடன் ஒரே பேழையில் இருக்கின்றது. ஆப்பிரிக்கா செல்ல எண்ணுவோர் எவரேனும் வந்து வழி கேட்டால் கணவர் கூறும் விடை ஒன்றே: "முதலில் கிண்டிக்குச் செல்லுங்கள், பயணச்சீட்டைப் பிறகு வாங்கலாம்."