நாலோடு நின்ற கை

எங்கள் பழைய வீட்டு நிலைக்காலில், என் தோள் உயரத்தில், ஓர் இடம் மட்டும் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கும். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அப்படி ஆகிவிட்டது என்று அம்மா திட்டுவாள். எண்ணெய் இல்லை. அப்பா தொழிலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நான் அந்த இடத்தை ஏழு முறை தொடுவேன். ஒவ்வொரு தொடுதலுக்கும் மனசுக்குள் ஒரு ‘வரணும்’.

பதினொரு வயதில் தொடங்கியது. நாகப்பட்டினத்துக்குப் பக்கம் கீச்சாங்குப்பத்தில் இருந்தோம். அப்பா படியிறங்கியதும் ‘இவர் திரும்பி வரக் கூடாது’ என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடும். காதில் யாரோ சொல்வதுபோல் கேட்டிருந்தால் பேய் என்றாவது சமாதானம் ஆகியிருப்பேன். இது நானே நினைப்பதுபோல இருந்தது. உலகத்தில் எனக்கு அப்பாவைவிடப் பெரிய ஆள் கிடையாது. அவரைச் சாகச் சொல்கிற பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை? அந்த நினைப்பை அழிக்கத்தான் ஏழு தொடுதல். நடுவில் அது மறுபடி வந்துவிட்டால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். முதல் மணியை நான் உள்ளே இருந்து கேட்ட நாட்கள் குறைவு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வயது பதின்மூன்று. அரையாண்டு விடுமுறை. அப்பா இருட்டோடு கடலுக்குப் போயிருந்தார். எட்டு மணி வாக்கில் அப்பாயி கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குக் கிளம்பியது, மீன் ஏலம் எடுக்க. போகும்போது என் போர்வையை உருவிவிட்டு, “வெயிலு மூஞ்சியில அடிக்குது, இன்னும் தூக்கம் என்னடா தூக்கம்” என்றது. ‘இது செத்துத் தொலையட்டும்’ என்று ஒரு நொடி ஓடியது. எழுந்து நிலைக்கு ஓடினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. “கொடத்தத் தூக்கிட்டு வாடா, தண்ணி நின்னுடப் போவுது” என்று அம்மா கத்தினாள். வந்து முடித்துக்கொள்ளலாம் என்று போனேன்.

அந்த நிலை, அந்த வீடு, எதற்கும் திரும்பவில்லை. குழாயடியில் நிற்கும்போது “கடலு ஏறுது” என்று ஆட்கள் ஓடி வந்தார்கள். சுனாமி என்கிற வார்த்தை அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். கறுப்பாக, படகுகளையும் சுவர்களையும் ஒன்றாக உருட்டிக்கொண்டு தண்ணீர் வந்தது.

அப்பா உயிரோடு வந்தார். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அலை தெரியவே இல்லை. படகை யாரோ லேசாகத் தூக்கி இறக்கினாற்போல் இருந்ததாம். கரையில் நின்றவர்கள்தான் போனார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். அப்பாயியை மூன்றாம் நாள் கையில் இருந்த பச்சையை வைத்து அடையாளம் கண்டார்கள். ஜேசிபி தோண்டிய குழியில், பெயர் தெரியாத பலரோடு சேர்த்து மூடினார்கள்.

நான் அழவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஏழு முடித்தேன், அப்பா வந்தார். அப்பாயிக்கு நாலோடு நிறுத்தினேன். முகாமில் பெரியவர்கள் “எந்தப் பாவி பண்ணுன பாவமோ” என்று பேசிக்கொள்வார்கள். எந்தப் பாவி என்று எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் பெங்களூரு நிமான்ஸிலிருந்தெல்லாம் மனநலக் குழுக்கள் நாகைக்கு வந்தன. பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார்கள். எல்லோரும் அலை வரைந்தார்கள். நான் ஒரு கதவு வரைந்தேன். “வீட்டு ஞாபகமா கண்ணா?” என்று ஓர் அக்கா தலையைத் தடவினார். ஆமாம் என்றேன்.

பதினொன்றாம் வகுப்பில், சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29க்கு என்று படித்தேன். என் கை நிலையில் இருந்தது எட்டு மணிக்கு. நான் நினைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அலை கிளம்பிவிட்டது! இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் புதுக் கேள்வி வந்தது: முந்தின நாள் ராத்திரி என்ன நினைத்தாய்? ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. பிறகு எத்தனை ஆதாரம் காட்டினாலும் அந்த வழக்கு முடியவே இல்லை.

படித்தேன், சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். நினைப்புகள் ஆள் மாறின. அக்காவுக்குப் பெண் பிறந்தபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன். ‘கீழே போடு’ என்றது மனசு. பிள்ளையை அக்கா கையில் கொடுத்துவிட்டு அன்றிரவே பஸ் ஏறினேன். ஒன்றரை வருஷம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பக்கத்தில் ஊசி இருக்கும், மடியில் பிள்ளை இருக்கும். லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். வேறொருவர் மடியில் குத்தினார்கள். “தம்பிக்கு எங்கள புடிக்காமப் போச்சு” என்று அக்கா அம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

அதன் பிறகுதான் ஓர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு முன்னால் போய் நின்றேன். என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். டாக்டரம்மா முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இப்படித் தோணும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?” செத்துவிடலாம் போல இருக்கும் என்றேன். “செய்ய ஆசைப்படுறவனுக்கு அப்படி இருக்காது” என்றார். எனக்கு வந்திருப்பது ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய் என்றார். கை கழுவிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பெயர் என்று எண்ணியிருந்தேன்.

1978இல் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த பத்மால் டி சில்வாவும் லண்டனில் செய்த ஆய்வைப் பற்றி அவர்தான் சொன்னார். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களைக் கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதேபோன்ற நினைப்புகள் வருவதுண்டு: குத்து, தள்ளு, சாகட்டும். அவர்களுக்கு அது வரும், போகும். எனக்கு வந்தால் அதை நிறுத்திவைத்து விசாரிக்கிறேன். நினைத்தால் நடந்துவிடும், நினைப்பதும் செய்வதும் ஒன்றே என்று நம்புவது இந்த நோயின் கூறுகளில் ஒன்று. “உங்க கணக்குல விடையை முதல்லயே எழுதிட்டீங்க. வழிமுறை மட்டும்தான் தினம் மாறுது” என்றார்.

மாத்திரை கொடுத்தார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வகைதான். ஆனால் ஓசிடிக்குப் பெரும்பாலும் அளவு கூடுதலாக வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கூடவே பயிற்சி. பயத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், பரிகாரம் செய்யக் கூடாது. ‘நான் கெட்டவனா டாக்டர்?’ என்று வாராவாரம் கேட்பேன். ஆரம்பத்தில் இல்லை என்றவர், பிறகு பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தக் கேள்வியும் நிலையைத் தொடுவதுதானாம். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் ‘இல்லை’ என்று சொன்ன நாட்களில் எனக்கு நிம்மதி பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் இருந்தது.

ஒரு மாலை மெரினாவில் கடலைப் பார்த்து நின்று, ‘இன்றும் வரட்டும்’ என்று மனசுக்குள் சொன்னேன். கை தன்னால் எதையோ தேடியது. பக்கத்தில் சுண்டல்காரரின் வண்டிச் சட்டம் இருந்தது. தொடவில்லை. உடம்பு நடுங்கியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். முக்கால் மணி நேரத்தில் கால் வலிக்கத் தொடங்கியதைக் கவனித்தேன். கால்வலியைக் கவனிக்கிற அளவுக்குப் பயம் இறங்கியிருந்தது.

பல மாதம் இப்படிப் போன பிறகு ஒரு ராத்திரி, காரணமே இல்லாமல், என் போர்வையை உருவிய அப்பாயியின் கை ஞாபகம் வந்தது. புறங்கையில் தேள் பச்சை. விடிய விடிய அழுதேன். அப்பாயி செத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. குற்றவாளிக்கு அழ உரிமையில்லை என்று அதுவரை என்னை நானே நிறுத்தி வைத்திருந்தேன். இந்த நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் பெரியது அந்தத் துக்கம்தான்.

அப்பாவிடம் கடைசியில் எல்லாம் சொன்னேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “எனக்குந்தான் தோணும், போட்டு கவுந்துடட்டும்னு. வலைய எறக்குனா போயிரும்” என்றார். பத்தில் எட்டுப் பேரில் அவரும் ஒருவர்.

இதைப் படிக்கிற யாராவது, வெளியே சொல்ல முடியாத ஒரு நினைப்புக்காகத் தன்னையே தண்டித்துக்கொண்டிருந்தால், அவருக்கு ஒன்று சொல்வேன்: நல்லவன் என்று நிரூபித்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் அப்படித்தான் பதினைந்து வருஷம் காத்திருந்தேன். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்கிற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், காசு கிடையாது.

எனக்கு இன்னும் நினைப்புகள் வருகின்றன. அக்காவின் இரண்டாவது பெண்ணுக்குக் காதுகுத்தியபோது என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வந்தது. நான் எண்ணவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதாள். பிறகு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.