அலை போன பிறகு

கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கம்போங் குவாந்தான் தெரியாமல் இருக்காது. அங்கே மின்மினி பார்க்கப் போகும் சம்பான்களைத் துடுப்புப் போட்டுத்தான் செலுத்துகிறார்கள். மோட்டார்ச் சத்தம் பூச்சிகளுக்கு ஆகாது, அதனால்தான் என்று பல வருடங்களாக என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். இன்னொரு காரணம் ஒரு பௌர்ணமிக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

என் தம்பி, தூண்டில் போட வருகிறவர்களை மோட்டார் போட்டில் ஏற்றிப் போகிறவன். அன்று சாயங்காலம் கடல் ஏற்றம்; ஆறு கரை விளிம்புவரை ததும்பி நின்றது. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமென்று, "கொஞ்சம் விரட்டுடா தம்பி" என்று சொன்னது நான்தான். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் எழுந்து நின்று, "பெலான்-பெலான், சீகு!" என்று கையை ஆட்டினார். நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன், வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து!

மறுநாள் மதியம் தண்ணீர் வற்றிய நேரத்தில் அந்த வழியாகப் போனேன். அவர் அடுப்படிக்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்கு மண் சரிந்து கிடந்தது. பெரெம்பாங் மரம் ஒன்று வேர் தெரிய ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. கையால் காட்டி விளக்கினார். நீர் குறைவாக இருக்கையில் படகின் அலை சேற்றுச் சரிவிலும் வேர்களிலும் மோதித் தளர்ந்துவிடுமாம். நீர் ஏறி நின்றால் வேருக்கு மேலே இருக்கும் வெறும் மண்ணை நேராக அறுக்கும். பிறகு நீர் இறங்கும்போது, ஊறிப்போன மண் தன் பாரத்திலேயே விழும். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்கு. இதைப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர் நான். கண்ணால் கண்டவர் அவர்.

ஒன்டாரியோ ஏரியில் 2017, 2019 ஆண்டுகளில் நீர் மிக உயர்ந்தபோது, கரைக்கு 600 அடிக்குள் படகுகள் மணிக்கு 5 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று நியூயார்க் மாநிலத்தில் கட்டளை போட்டார்கள். நம் ஆற்றில் போனது மண் மட்டுமல்ல. மின்மினியின் புழு அந்தக் கரையில்தான் நத்தை தின்று வளர்கிறது.

"உங்கள் ஒரு அலையால் விழுந்ததில்லை, சீகு" என்றார் பெரியவர். என் அலையும் அதில் இருந்தது.

இப்போது பௌர்ணமி, அமாவாசை நாட்களில் அவர் வீட்டுக்கு வெகு தூரம் முன்பே தம்பி மோட்டாரைத் தணித்துவிடுகிறான். சாய்ந்த அந்த மரத்தில் போன மாதம்கூட மின்மினி பார்த்தோம்.