சீனி கூடக் குடுத்ததாலயா?

பிள்ளையின் உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

என் வகுப்பில், தரம் 4இல், ஒரு மகன். திடீரென்று அடிக்கடி "டீச்சர், ஒன்றுக்குப் போகவா?" என்று கேட்கத் தொடங்கினான். தண்ணிப் போத்தல் முதல் பாடம் முடிய முன்னமே காலி. விளையாடத்தான் போகிறான் என்று நினைத்து இரண்டு நாள் நான் விடவில்லை. ஏசியும் விட்டேன். அடுத்த கிழமை அவன் ஆஸ்பத்திரியில். முதலாம் வகை நீரிழிவு. அல்ஹம்துலில்லாஹ், இப்போது இன்சுலின் ஊசியோடு பாடசாலைக்கு வருகிறான்.

பார்க்கப் போனபோது உம்மா கேட்டா: "டீச்சர், நான் சீனி கூடக் குடுத்துட்டனா?" அயலில் யாரோ அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் தேடி வாசித்தேன். உடம்பைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்களே சதையிக்குள் புகுந்து இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு வரும் சீனி வருத்தம் வேறு, இது வேறு. ஆனால் சதையி இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. வெட்டிப் பார்ப்பதும் ஆபத்து. நோர்வேயில் புதிதாக நோய் வந்த 6 பேரிடம் சிறு துண்டு எடுத்தார்கள்; சிக்கல்கள் வந்ததால் நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவின் பொஸ்டனில் வேறு வழி பார்த்தார்கள். மிக நுண்ணிய இரும்புத் துணிக்கைகளை நரம்பில் ஏற்றுவது. அழற்சி உள்ள இடத்தில் இரத்தக் குழாய்கள் கசியும். துணிக்கைகள் வெளியே வரும். அங்கே கூடி நிற்கும் விழுங்கும் கலங்கள் அவற்றை விழுங்கிவிடும். ஏற்ற முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்தால், இரும்பு தங்கிய இடம் கறுத்துத் தெரியும். 2011இல் வெளியிட்டார்கள்: புதிதாக நோய் வந்தவர்களின் சதையி, சுகமானவர்களின் சதையியை விட வேறாகத் தெரிந்தது. கத்தி வைக்காமலே அந்தச் சண்டையைப் பார்க்க முடிந்திருக்கிறது! இது இன்னும் ஆராய்ச்சிதான், நம்மட ஆஸ்பத்திரியில் எழுதித் தரமாட்டார்கள். நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து உள்ளே வேலை செய்கிறதா என்று நேரத்தோடு பார்க்க இது உதவலாம் என்பதுதான் அவர்களுடைய எதிர்பார்ப்பு.

கொப்பியில் படம் கீறி உம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் குடுத்த டொஃபியால இல்ல" என்றா. பிறகு அழுதா.

எனக்கு அந்த இரண்டு நாள்தான் மனசில் நிற்கிறது. பிள்ளை அளவுக்கு மிஞ்சித் தண்ணி குடித்தால், அடிக்கடி சிறுநீர் கழித்தால், மெலிந்தால், அன்றைக்கே இரத்தத்தில் சீனி பாருங்கள். என் வகுப்பில் இப்போது ஒன்றுக்குப் போக யாரும் கேட்கத் தேவையில்லை. எழும்பிப் போகலாம்.